கானகப் படகும் பழைய நினைவும்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் அனாஹைம் என்றோர் ஊர் உண்டு. ஒரு காலத்தில் ஆரஞ்சுத் தோட்டங்கள் நிறைந்திருந்த அவ்வூரில், சித்திரத் திரைப்படங்களால் உலகப் புகழ் பெற்ற வால்ட் டிஸ்னி 160 ஏக்கர் நிலத்தை வாங்கினார். 1954-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வேலையைத் தொடங்கி, ஓராண்டு காலத்தில் ஒரு கேளிக்கைப் பூங்காவை அமைத்து முடித்தார். 1955 ஜூலை 17-ஆம் நாள் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து அதுவே. திறப்பு நாளன்றே ஓடத் தொடங்கிய படகுப் பயணம் ஒன்று இன்றும் அங்கே நடைபெற்று வருகிறது. ‘ஜங்கிள் குரூஸ்’ என்பது அதன் பெயர். கானகப் படகுப் பயணம் என்று நாம் சொல்லலாம். ஏழெட்டு நிமிடங்களில் முடிந்துவிடும் பயணந்தான். ஆயினும் இளமையில் அதில் சென்றவர்கள் முதுமையிலும் அதனை மறப்பதில்லை. அவர்கள் மறவாது போற்றுவது எந்தப் பயணத்தை என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில் அப்படகு ஓடும் முறையைக் காண்போம். மாணவர்கள் இதனை அறிந்துகொள்வது சுவையாகவே இருக்கும். ஆறு என்று பெயரே தவிர, அது வெட்டி அமைத்த வாய்க்கால். நீருக்கடியில் ஒரு தண்டவாளம் இருக்கிறது; படகு அதன்வழியே செல்கிறது. படகோட்டி சுக்கானைத் திருப்புவதெல்லாம் நடிப்பு. தண்டவாளம் கண்ணுக்குத் தெரியாதிருத்தல் வேண்டி நீரில் சாயம் கலந்து கலங்கலாக வைத்திருக்கிறார்கள். ஹார்ப்பர் கோஃப் என்ற கலைஞர் இப்பயணத்தைத் திட்டமிட்டார். 1951-இல் வெளிவந்த ‘ஆப்பிரிக்கன் குவீன்’ என்னும் திரைப்படத்தின் படகு அவர் மனத்தில் இருந்தது. பில் இவான்ஸ் என்பவர் காட்டை உண்டாக்கினார். வெட்டவெளியாகக் கிடந்த நிலத்தில் ஓராண்டுக்குள் வெப்பமண்டலக் காடு வளர்ந்துவிடுமா? சாலை போடும் இடங்களில் அகற்றவிருந்த மரங்களைக் கொண்டுவந்து நட்டார். வேரோடு பிடுங்கிய ஆரஞ்சு மரங்கள் சிலவற்றைத் தலைகீழாக நிறுத்தி, முறுக்கிக்கொண்ட வேர்கள் மேலே தெரியும்படி செய்தார். பார்த்தவர்கள் ஏதோ அயல்நாட்டு மரம் என்றே எண்ணினார்கள்!

உண்மையான விலங்குகளையே வைக்கவேண்டும் என்பது டிஸ்னியின் முதல் விருப்பம். விலங்குகளின் இயல்பறிந்தவர்கள் அதனைத் தடுத்தார்கள். பகற்பொழுதில் அவை உறங்கும்; அல்லது புதரில் ஒளிந்துகொள்ளும்; படகில் வருவோர் ஒன்றையும் காணாமல் திரும்புவர் என்றார்கள். எனவே இயந்திர விலங்குகள் செய்யப்பட்டன. அவற்றைச் செய்தவர் பாப் மேட்டி. பின்னாளில், 1975-இல் வந்த ‘ஜாஸ்’ படத்தின் இயந்திரச் சுறாவைச் செய்தவரும் இவரே. நீர்யானை தலையை உயர்த்தும், காதை அசைக்கும், மீண்டும் மூழ்கும். அவ்வளவுதான்.

இந்த இயந்திரத் தன்மையிலேதான் பழைய நினைவின் இரகசியம் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. மெய்யான காட்டிற்கு இரண்டாம் முறை செல்பவன் முதல்முறை கண்ட காட்சியைக் காண்பதில்லை. இங்கோ, தந்தை சிறுவனாய் இருந்தபோது தலையெடுத்த அதே நீர்யானை, அதே வளைவில், அவர் மகன் முன்னும் தலையெடுக்கிறது. தம் இளமை ஓரிடத்தில் பத்திரமாக வைக்கப்பட்டிருப்பதாக மனிதருக்குத் தோன்றிவிடுகிறது. ஆனால் அது தோற்றமே. இப்பயணம் ஒருபோதும் ஒரே நிலையில் நின்றதில்லை.

1955-இல் படகோட்டி பேசிய பேச்சு நகைச்சுவையன்று. டிஸ்னி நிறுவனம் அந்நாளில் எடுத்துவந்த இயற்கை விளக்கப் படங்களைப் போல, விலங்குகளின் வாழ்வை ஆசிரியர் பாணியில் விளக்கியது. ஒருநாள் ஒரு தாய் தன் குழந்தையிடம், இதைத்தான் முன்பே பார்த்துவிட்டோமே, மறுபடி ஏன் என்று சொன்னது டிஸ்னியின் செவியில் விழுந்ததாகச் சொல்வர். சித்திரப்பட ஓவியரான மார்க் டேவிஸ் அழைக்கப்பட்டார். அவர் 1962-இல் இந்திய யானைகள் நீராடும் குளம் ஒன்றைச் சேர்த்தார். 1964-இல் ஆப்பிரிக்கப் புல்வெளியையும், காண்டாமிருகத்துக்கு அஞ்சி ஒரு கம்பத்தில் ஏறித் தொங்கும் வேட்டைக் குழுவையும் சேர்த்தார். படகோட்டிகளும் சிலேடை பேசலானார்கள். காளமேகப் புலவரின் சிலேடை என்று எண்ணிவிட வேண்டாம்; மிக மட்டமான சிலேடைகள். மட்டமாக இருப்பதே அவற்றின் நயம். கேட்பவர்கள் முனகிக்கொண்டே சிரிப்பார்கள்.

அந்நாளில் பூங்காவின் ஒவ்வொரு கேளிக்கைக்கும் எழுத்திட்ட சீட்டுகள் இருந்தன. 1959 முதல் ‘ஈ’ என்ற எழுத்துடைய சீட்டே உயர்ந்தது. கானகப் படகுக்கு அச்சீட்டு வேண்டும். 1982-இல் அம்முறை ஒழிந்தது. ஆனால் சொல் ஒழியவில்லை. 1983-இல் விண்வெளி சென்ற முதல் அமெரிக்கப் பெண்மணியான சாலி ரைடு, தம் பயணத்தின் மேன்மையைச் சொல்ல நேர்ந்தபோது அதனை ஓர் ‘ஈ’ சீட்டுக்கே ஒப்பிட்டார். ஒரு தலைமுறையின் நெஞ்சில் இப்பூங்கா எவ்வளவு ஆழ ஊன்றியிருந்தது பாருங்கள்.

இனி, இனிமையற்ற பகுதிக்கு வருவோம். அப்படகுகளுக்குக் காங்கோ, அமேசான், மேகாங், நைல் என்று பேராறுகளின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். நம் கங்கையின் பெயரும் ஒரு படகுக்கு உண்டு. அவ்வாறுகளின் கரைகளில் உழவும் வாணிகமும் கல்வியும் தழைத்த நகரங்கள் இருக்கின்றன. கங்கைக்கரையில் காசி இருக்கிறது, பாட்னா இருக்கிறது. படகின் கரையிலோ விலங்குகளும், அவற்றோடு ஒன்றாகப் பறையடித்து ஆடுவோரும், ஈட்டி ஏந்தி நிற்போரும், மனிதத் தலைகளை விற்கும் ஒரு வணிகனும் மட்டுமே இருந்தார்கள். 1960-இல் காங்கோ நாடு விடுதலை பெற்றது. அதன்பின்னும் பல்லாண்டுகள், காங்கோவின் பெயர் தாங்கிய படகில் சென்ற அமெரிக்கச் சிறுவர்கள் அந்நாட்டு மக்களைப் பற்றிக் கண்டது இக்கேலிச் சித்திரத்தையே. நகைச்சுவைதானே என்பர். நகைப்பவர் படகிலும் நகைக்கப்படுபவர் கரையிலும் இருக்கும்வரை அது எளிதாகச் சொல்லக்கூடிய விடை.

2021 ஜனவரியில் இக்காட்சிகளை மாற்றப் போவதாக டிஸ்னி நிறுவனம் அறிவித்தது. அவ்வாண்டு ஜூலையில் புதுப்பிக்கப்பட்ட பயணம் தொடங்கிற்று. ஈட்டிக்காரர்களும் தலை விற்கும் வணிகனும் அகற்றப்பட்டனர். கவிழ்ந்த படகொன்றைக் கைப்பற்றிக்கொண்ட குரங்குகள் புதிதாய்த் தோன்றின. கம்பத்தில் தொங்கும் குழுவில் இப்போது பல நாட்டினரும் பயணத் தோழர்களாக இருக்கிறார்கள். கீழே அதே காண்டாமிருகந்தான் நிற்கிறது.

பழைய அன்பர்கள் சிலர் வருந்தினார்கள். தங்கள் இளமையைப் பறித்துவிட்டார்கள் என்றனர். அவர்கள் வருத்தத்தை நான் இகழமாட்டேன். தந்தையின் மடியில் அமர்ந்து கண்ட காட்சி மறையும்போது தந்தையே மீண்டும் ஒருமுறை மறைவதுபோல் தோன்றக்கூடும். எனினும் அவர்கள் ‘பழையது’ என்று போற்றிய யானைக்குளமும் கம்பத்துக் குழுவும் சிலேடைகளும் 1955-இல் இல்லாதவை அல்லவா? ஏழாண்டுக்கு முந்திய கம்பீரமான விளக்கத்தை விரும்பியவர் எவரேனும் 1962-இல் இதேபோல் வருந்தியிருக்கலாம். அவரவர் முதன்முதலில் ஏறிய நாளே அவரவர்க்கு ஆதி. அன்றியும், கரையில் கேலிப்பொருளாக நிறுத்தப்பட்ட மக்களின் வழிவந்த குழந்தைகளும் அப்படகில் ஏறித்தான் இருக்கிறார்கள். பழைய நினைவு பேசுவோரின் கணக்கில் அக்குழந்தைகளின் நினைவு சேர்க்கப்படவில்லை என்பதே என் குறை.

பிற்காலத்தில் இப்பயணம் புளோரிடாவிலும், 1983-இல் டோக்கியோவிலும், 2005-இல் ஹாங்காங்கிலும் எழுந்தது. டோக்கியோவில் படகோட்டி ஜப்பானிய மொழியிலே வேடிக்கை பேசுகிறார். ஹாங்காங்கில் கான்டனீயம், மாண்டரின், ஆங்கிலம் என மொழிக்கொரு வரிசை வைத்துப் படகு விடுகிறார்கள். சிலேடையை மொழிபெயர்க்க இயலாது என்பதைக் கண்டுகொண்டவர்கள் போலும்!

அனாஹைமில் நட்ட மரங்களோ இவ்வழக்குகளையெல்லாம் பொருட்படுத்தாமல் வளர்ந்தன. மூங்கில்கள் ஓங்கி, கிளைகள் பின்னி, பொய்க்காடாகத் தொடங்கியது மெய்யான தோப்பாகவே ஆகிவிட்டது. அதனிடையே டேவிஸ் அமைத்த யானைகள் 1962-இல் தொடங்கிய நீராட்டை இன்னும் முடிக்கவில்லை. ஒன்று அருவியடியில் நிற்கிறது; இன்னொன்று துதிக்கையை உயர்த்திப் படகை நோக்கி நீரைப் பீய்ச்ச ஆயத்தமாகிறது. ஏறியிருக்கும் குழந்தைகள் கூச்சலிட்டுக் குனிகிறார்கள்.