செல்லை ஏமாற்றிய மூலக்கூறுகள்

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குத் தரும் மெர்காப்டோபியூரின், சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் தரும் அசதியோபிரின், யூரிக் அமிலம் கூடினால் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அலோபியூரினால், அக்கிக்கு விழுங்கும் அசைக்ளோவிர். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நோய்களுக்கான இந்த நான்கு மருந்துகளும் ஒரே வம்சம். நான்கிலும் கெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்க வேதியியலாளரின் உழைப்பு இருக்கிறது.

எலியன் 1918-ல் நியூயார்க்கில் பிறந்தார். 15 வயதில், வயிற்றுப் புற்றுநோயால் தாத்தா இறந்ததைப் பார்த்த பிறகு வேதியியல் படிக்க முடிவெடுத்தார். 1937-ல் பட்டம் வாங்கியபோது பொருளாதார மந்தநிலை. ஆய்வக வேலையே அரிது. பெண்ணுக்கு இன்னும் அரிது. பிறகு ஓர் உணவு நிறுவனத்தில் ஊறுகாயின் புளிப்பையும் மயோனைஸில் சேரும் மஞ்சள் கருவின் நிறத்தையும் சோதித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போனதும் ஆய்வகங்களில் இடம் காலியானது. 1944-ல் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில், ஜார்ஜ் ஹிட்சிங்ஸிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மாலை நேரத்தில் முனைவர் பட்டத்துக்கும் படித்தார். முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்று கல்வி நிறுவனம் வற்புறுத்தியதும், படிப்பை விட்டார், வேலையை விடவில்லை.

ஓர் அணு மாற்றம்

கையில் கிடைத்த சேர்மங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பதுதான் அன்றைய மருந்துத் தேடல். ஹிட்சிங்ஸ் வேறு பக்கமிருந்து யோசித்தார். எந்தச் செல்லும் பெருக டிஎன்ஏ வேண்டும். டிஎன்ஏ உருவாகப் பியூரின்கள் வேண்டும். அசல் பியூரினைப் போலவே தோன்றும் ஒரு போலியைக் கொடுத்தால் என்ன ஆகும்? கள்ளநோட்டை நம்பி வாங்கிப்போட்ட கடைக்காரரைப் போல, செல் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. வேகமாகப் பெருகும் புற்றுச்செல்லுக்கே இழப்பு அதிகம்.

போலிகளைத் தயாரிப்பது எலியனின் பொறுப்பு. 1951-க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பியூரின்கள் உருவாகி, லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவின் மீது சோதிக்கப்பட்டன. ஹைப்போசாந்தின் என்ற பியூரினில் ஆக்சிஜன் இருந்த இடத்தில் கந்தகத்தை வைத்தபோது கிடைத்ததுதான் 6-மெர்காப்டோபியூரின். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் உலகுக்குத் தெரியவர அப்போது இன்னும் 2 ஆண்டுகள் இருந்தன.

லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பாதிப் பேர் அந்நாளில் மூன்று, நான்கு மாதங்களுக்குள் இறந்துவிடுவார்கள். புதிய மருந்து அந்த அவகாசத்தை ஏறக்குறைய ஓராண்டாக நீட்டியது. 1953-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் தேறிய குழந்தைகளுக்கு நோய் மறுபடியும் வந்தது. பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறை வளர்ந்த பிறகே பெரும்பாலோர் குணமடையத் தொடங்கினர்; இன்றும் அந்தக் கூட்டணியில் மெர்காப்டோபியூரினுக்கு இடம் உண்டு.

விழுங்கிய பிறகு என்ன ஆகிறது?

மருந்து வேலை செய்வதோடு எலியன் திருப்தி அடையவில்லை. உடலுக்குள் போன மூலக்கூறு எப்படி மாறுகிறது, எப்படி வெளியேறுகிறது என்று துருவினார். அடுத்தடுத்த மருந்துகள் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தன.

மெர்காப்டோபியூரினை சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதி சிதைப்பது தெரியவந்தது. அதைத் தடுத்தால் மருந்து கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும் என்று அலோபியூரினாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பில் யூரிக் அமிலத்தைத் தயாரிப்பதும் அதே நொதிதான். எனவே நோயாளிகளின் யூரிக் அமிலமும் சரிந்தது. புற்றுநோய் மருந்துக்குத் துணையாக வந்தது, கீல்வாதத்தின் ஒரு வகையான கவுட்டுக்குத் தனி மருந்தாகிவிட்டது.

இதற்கிடையே, மெர்காப்டோபியூரின் முயல்களின் நோய் எதிர்ப்பாற்றலைத் தணிப்பதை பாஸ்டன் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். மாற்று உறுப்பை உடல் நிராகரிக்கக் காரணமே அந்த எதிர்ப்பாற்றல்தான். மெர்காப்டோபியூரினை உடலுக்குள் மெல்ல விடுவிக்கும் அசதியோபிரினை எலியன் குழு உருவாக்கியிருந்தது. 1962-ல் அறுவை மருத்துவர் ஜோசப் மரே, உறவினர் அல்லாத ஒருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தி வெற்றி பெற அது துணைநின்றது.

வைரஸைத் தாக்கும் மருந்துகள் உடலின் சொந்த செல்களையும் தாக்கிவிடும் என்ற தயக்கம் பரவலாக இருந்தது. 1970-களில் வந்த அசைக்ளோவிர் அதைத் தகர்த்தது. குவானின் என்ற பியூரினோடு முழுமையற்ற சர்க்கரைத் துண்டு சேர்ந்த போலி இது. தானாக இது செயல்படாது. ஹெர்ப்பிஸ் வகை வைரஸ்கள் உண்டாக்கும் நொதிதான் இதை முடுக்கிவிடும். அதனால் தொற்று புகுந்த செல்லில் மட்டும் வைரஸின் டிஎன்ஏ வளர்ச்சி பாதியில் நின்றுபோகும். வைரஸ் தன் நொதியாலேயே அழிகிறது.

எலியன் 1983-ல் ஓய்வு பெற்றார். அவர் வளர்த்த குழுவினர் அதே போலி உத்தியைக் கையாண்டு, எய்ட்ஸுக்கு எதிராக ஏஇசட்டி மருந்து பயன்படும் என்று கண்டனர். 1987-ல் அது அனுமதி பெற்றது. மறு ஆண்டு ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் எலியனுக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. பரிசுக் குழு பாராட்டியது தனி ஒரு மருந்தை அல்ல, மருந்து தேடுவதற்கான கோட்பாடுகளை. அவற்றைக் கொண்டு ஏஇசட்டியை அடையாளம் கண்டவர்களுக்கு அந்தப் பாராட்டின் பொருள் முன்பே விளங்கியிருக்கும்.