சூரியனும் பிறையும் சொல்லும் போர்

போர்க்களத்தைத் தீட்டும் ஓவியர் பெரும்பாலும் வீரனின் முகத்தையே நம் முன் நிறுத்துவர். சிவந்த கண்ணும் ஓங்கிய வாளும் வெற்றி யாருடையது என்பதை உணர்த்திவிடும். ஜெர்மானிய ஓவியர் அல்பிறெக்ற் அல்ற்டோர்பர் 1529 ஆம் ஆண்டில் தீட்டிய படமோ அவ்வாறானதன்று. கி.மு. 333 இல் அலெக்சாந்தர் பாரசீக மன்னன் மூன்றாம் தாரியசை வென்ற இசஸ் போரே அதன் பொருள். நாலடி அகலமும் ஐந்தடிக்குச் சற்று மேற்பட்ட உயரமும் உள்ள மரப்பலகையில் வேல்களும் கொடிகளும் குதிரைகளும் காற்றிலாடும் கதிர்வயல்போல் நெருங்கி நிற்கின்றன. அவற்றினிடையே அலெக்சாந்தர் எங்கே என்று தேடத்தான் வேண்டும்!

வானத்தில் எழுத்துப் பொறித்த பலகையொன்று அந்தரத்தில் தொங்குகிறது. அங்கிருந்து கண்ணை மெல்லக் கீழிறக்கினால், மூன்று குதிரை பூட்டிய தேரில் புறங்கொடுத்தோடும் தாரியசும், வேலேந்தித் துரத்தும் அலெக்சாந்தரும் அகப்படுவர்.

எனினும் இப்படத்தின் உயிர் வானத்திலேயே இருக்கிறது. கீழே படைகள் சுழல்வதுபோலவே மேலே மேகங்களும் சுழல்கின்றன. மத்தியதரைக் கடலும் சைப்பிரஸ் தீவும் நைல் நதியின் முகத்துவாரமும் தென்திசையில் விரிகின்றன. வலப்புறம், மேற்கே, சூரியன் செந்தழலாய் ஒளிர்கிறது, அது அலெக்சாந்தர். இடப்புற மூலையில் வெளிறிய பிறை, அது தாரியஸ். அந்திப் பிறையை மேற்கு வானில் பார்த்துப் பழகிய நமக்கு, அது கிழக்கே இருப்பது வியப்பளிக்கும். இயற்கைக்கு மாறாக ஓவியர் அதனை அங்கே வைத்தது குறிப்பின் பொருட்டேயாம். அதற்குக் காரணமும் உண்டு. பவேரியக் கோமகன் நான்காம் வில்லியம் வரைவித்த படம் இது. அதே 1529 இல் துருக்கிய சுல்தான் சுலைமான் வியன்னா நகரை முற்றுகையிட்டான். படத்திலுள்ள பாரசீகர் தலைப்பாகை அணிந்து துருக்கியரைப்போலத் தோன்றுவதைக் கண்டோர், பழைய போரில் தம் காலத்து அச்சத்தையே கண்டிருப்பர். இப்பணிக்காகவே 1528 இல் ரெகன்ஸ்பேர்க் நகரபிதா பதவியை ஓவியர் மறுத்தார்.

ஆயினும் வென்றவனின் சூரியனும் இங்கே மறைகின்ற சூரியனன்றோ? அப்போருக்குப் பத்தாண்டின் பின், கி.மு. 323 இல், அலெக்சாந்தர் இறந்தான். இதனை நினைத்தே ஓவியர் தீட்டினாரா என்பது வேறு விஷயம். எனக்கு இப்படத்தில் வெற்றி முழக்கத்தைவிட மாலையின் துயரமே மிகுதியாகத் தெரிகிறது. நெப்போலியனோ இதனைப் பாரிசுக்குக் கொண்டு சென்று, தன் குளியலறையில் மாட்டி வைத்திருந்தானாம்! இன்று மியூனிச் நகரின் அல்ற்றே பினக்கொதேக் ஓவியக்கூடத்தில் இதனைக் காணலாம்.

வானத்துப் பலகை இலத்தீன் மொழியில் கணக்குக் கூறுகிறது: பாரசீகக் காலாட்கள் 1,00,000 பேரும் குதிரை வீரர் 10,000 பேரும் மாண்டனர், மன்னன் ஓடினான், அவன் தாயும் மனைவியும் மக்களும் சிறைப்பட்டனர். பலகையைப் படித்தபின் மீண்டும் களத்தை நோக்குங்கள். பாரசீகப் படையினிடையே, ஜெர்மானிய அரசவை மாதர்போல இறகுத் தொப்பி அணிந்த பெண்கள் சிலர் தெரிவர். கிட்ட நின்று பார்த்தாலன்றி அவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.