துக்க வீட்டில் விளக்கவுரை எதற்கு?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை, கடற்கரையில் நின்றவர்களையும் கடைத்தெருவில் இருந்தவர்களையும் வாரிச் சுருட்டியது. பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை. பூசையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். இது மாதாவின் புதுமை என்று அன்றிலிருந்து சொல்லப்பட்டு வருகிறது. பிழைத்தவர்கள் நன்றி சொல்வதில் யாருக்கு என்ன மனத்தாங்கல் இருக்க முடியும்? அந்த நன்றியை ஒரு சூத்திரமாக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. அதே மாதாவைத் தேடி வந்து, கடலைப் பார்க்கப் போன திருப்பயணிகளும் மாண்டவர்களில் உண்டு. தமிழ்நாட்டில் அன்று போன உயிர்கள் ஏறத்தாழ 8,000. அவற்றில் 6,000-க்கு மேல் நாகை மாவட்டத்தில் மட்டும். உள்ளே இருந்தவர்களைக் காத்த கை, சற்றுத் தள்ளி நின்ற என் பிள்ளையை ஏன் விட்டது என்று ஒரு தாய் கேட்டால், அந்தச் சூத்திரத்திடம் பதில் கிடையாது. பதில் சொல்லத் துணிந்தால் அது இறந்த பிள்ளையின் மேலோ பெற்றவள் மேலோ பழியாகத்தான் போய் விழும்.

இந்தச் சூத்திரம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு லிஸ்பன் நகரம் சாட்சி. 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். கோயில்கள் நிரம்பி வழிந்த காலை வேளையில் நிலம் நடுங்கியது. கோயில்கள் வழிபட்டுக்கொண்டிருந்தவர்கள் மேலேயே இடிந்து விழுந்தன. பீடத்தில் எரிந்த மெழுகுவர்த்திகளும் சேர்ந்து நகரத்துக்குத் தீ மூட்டின. ஆற்றங்கரைக்குத் தப்பி ஓடியவர்களைக் கடலலை கொண்டுபோனது. வேளாங்கண்ணியில் பிழைக்க வைத்த அதே இடம், லிஸ்பனில் கொன்றது. நகரத்தாரின் பாவமே காரணம் என்று அங்கே பிரசங்கம் செய்தார்கள். ஒரு துறவி அதைச் சிறுநூலாகவே அச்சிட்டார். எல்லாம் நன்மைக்கே என்று தத்துவம் பேசியவர்களைக் கிண்டலும் கோபமுமாகப் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் கவிதையில் சாடினார். ஐரோப்பாவில் கடவுள் நம்பிக்கை தளர்ந்த வரலாற்றை எழுதுபவர்கள் இந்த நிலநடுக்கத்தை விடாமல் குறிப்பிடுவார்கள். நம்பிக்கையைத் தளர்த்தியதில் நிலநடுக்கத்துக்கு எவ்வளவு பங்கோ, அதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இத்தனைக்கும் கிறிஸ்தவ வேதம் இப்படிப்பட்ட விளக்கங்களுக்கு இடமே தரவில்லை. லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில், எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை இயேசுவே பேச்சில் எடுக்கிறார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று தாமே மறுக்கிறார். எதற்காக விழுந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைப் பார்த்து, இது இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்கும்போதும் அந்தக் கணக்கை அவர் ஏற்பதில்லை. யோபுவின் புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நண்பர்கள் மூவரும் வந்து, ஏழு பகல் ஏழு இரவு யோபுவோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாய் திறந்ததும் தொடங்கியது வினை: கடவுள் நீதிமான், ஆகவே நீ ஏதோ செய்திருப்பாய் என்ற தர்க்கம் அதிகாரம் அதிகாரமாக நீள்கிறது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது கேள்வி கேட்டு மன்றாடிய யோபுவிடம் அல்ல, தமக்காக வாதாடிய நண்பர்களிடம். அதைவிட வியப்பு ஒன்றுண்டு. முதல் அதிகாரத்தில் கடவுளுக்கும் சாத்தானுக்கும் நடக்கும் உரையாடலை வாசகர்கள் அறிவோம். யோபுவுக்கு அது கடைசிவரை தெரிவிக்கப்படுவதே இல்லை. காரணம் தெரியாமலேயே அவர் கடவுள் முன் நிற்கிறார்.

இந்த நூற்றாண்டுக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால் ஆங்கிலக் கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸைப் பார்க்கலாம். துன்பம் ஏன் என்ற கேள்வியை அறிவால் அணுகி 1940-இல் அவர் எழுதிய நூல், வாதத்திறமைக்கு இன்றும் பேர்போனது. இருபது ஆண்டுகள் கழித்து, 1960-இல், அவர் மனைவி ஜாய் புற்றுநோயில் இறந்தார். மறு ஆண்டு வந்த துயரக் குறிப்புகளில் அந்தத் தர்க்கவாதியைக் காணோம். அடைத்த கதவுக்கு வெளியே நின்று கத்தும் ஒரு கணவர்தான் இருக்கிறார். அதைப் புனைபெயரில்தான் வெளியிட்டார். முதல் நூலின் வாதங்கள் பொய் என்று அவர் சொல்லவில்லை, நம்பிக்கையைக் கைவிடவும் இல்லை. துக்கப்பட்டவருக்கு அந்த வாதங்கள் போதவில்லை, அவ்வளவே. ஜெர்மன் இறையியலாளர் மோல்ட்மன் எதிர்த் திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தார். 1943-இல் ஹாம்பர்க் மீது குண்டு மழை பொழிந்தபோது பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிச் செத்தான். போர்க்கைதி முகாமில் கையில் கிடைத்த பைபிளில் அவரைப் பிடித்து நிறுத்தியவை புலம்பல் சங்கீதங்களும், கைவிடப்பட்டதாகச் சிலுவையில் கதறிய இயேசுவின் குரலும். அவர் அங்கே கண்டது துன்பத்துக்கான காரணத்தை அல்ல, தன்னோடு துன்பப்படும் ஒருவரை.

இங்கே வேலூரின் டாக்டர் மேரி வர்கீஸைக் கொண்டுவந்து மறுப்பவர்கள் உண்டு. 1954-இல் கார் விபத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கான துறையை வளர்த்தெடுத்தார். 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார். ‘பார்த்தீர்களா, இதற்காகத்தான் அந்த விபத்து’ என்று முடிப்பது மிகச் சுலபம். ஆயிரக்கணக்கான நோயாளிகள் எழுந்து நடக்க, ஓர் இளம் பெண்ணின் முதுகெலும்பை முறிப்பதைத் தவிரக் கடவுளுக்கு வேறு வழியே இல்லையா? விபத்துக்குப் பிறகு அவர் செய்ததில் அர்த்தம் இருக்கிறது, அளவில்லாத அர்த்தம். அதை விபத்தின் நோக்கமாகப் பின்னோக்கி எழுதினால், அவருடைய உழைப்பும் துணிவும் விசுவாசமும் ஏற்கெனவே எழுதப்பட்ட நாடகத்தின் வசனங்களாகச் சுருங்கிவிடுகின்றன. மேரிக்கு வழிகாட்டிய பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைவதற்குப் பெருங்காரணம் அவர்களால் வலியை உணர முடியாததுதான் என்று கண்டறிந்தவர். வலி ஒரு கொடை என்றே அவர் எழுதினார். உடம்புக்கு அது சரி: சுடும் பாத்திரத்திலிருந்து கையை எடுக்க வலிதான் சொல்லித்தருகிறது. பிள்ளையைப் புதைத்தவருக்கு எந்தக் கையை எங்கிருந்து எடுக்கச் சொல்கிறது?

சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்ற பவுலின் உறுதியைக் காட்டி, இதெல்லாம் அவிசுவாசம் என்பார்கள் சிலர். அந்த வசனம் வரும் ரோமர் 8-ஆம் அதிகாரத்திலேயே, படைப்பு முழுவதும் பிரசவ வேதனையில் முனகுவதாகவும், விசுவாசிகளும் கூடவே முனகுவதாகவும் பவுல் எழுதுகிறார். முனகலைத் தாண்டிப் போகாதவருக்கே அந்த உறுதி. இழப்பைச் சந்தித்தவரே ‘கர்த்தர் சித்தம்’ என்று சொல்லித் தேற்றிக்கொண்டால் அதை மறுத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. அதே சொல்லை, எதையும் இழக்காத ஒருவர் அடக்க ஆராதனையில் எழுந்து நின்று சொல்வது முற்றிலும் வேறு காரியம். கடவுளே இல்லை, ஆகவே கேள்வியே இல்லை என்போருக்கும் அவர்கள் தர்க்கம் உண்டு. அது தனி விவாதம்.

இப்போது கவலைக்குரியது மேடைதான். நற்செய்திக் கூட்டங்களிலும் கிறிஸ்தவத் தொலைக்காட்சியிலும் சாட்சி சொல்ல யார் அழைக்கப்படுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். புற்றுநோய் குணமானவர், கடன் தீர்ந்தவர், பத்து வருடம் கழித்துக் குழந்தை பெற்றவர். உபவாசமிருந்து ஜெபித்தும் கணவரைப் பறிகொடுத்தவருக்கு ஒலிவாங்கி நீட்டப்படுவதில்லை. அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களுடைய வெற்றிக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கூட்டம் முடிந்து போகும்போது அவர் கையில் மிஞ்சுவது ஒரே சந்தேகம்: என் ஜெபத்தில் என்ன குறை? யோபுவின் நண்பர்கள் வாய்விட்டுச் சொன்னதை இந்த மேடைகள் சொல்லாமல் சொல்லிவிடுகின்றன. தமிழ்க் கிறிஸ்தவம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாகோமே கொன்சால்வேஸ் அடிகளார் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய வியாகுல பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இராகத்தோடு வாசித்து, ஊரே கூடி அழும் வழக்கம் இருந்தது. அழுகைக்கு அங்கே காலமும் இடமும் ஒதுக்கப்பட்டிருந்தன. யாரும் யாரையும் சீக்கிரம் தேறிவிடச் சொல்லவில்லை. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள். 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே தொடங்கி, ஆறுதல் ஒன்றும் கிடைக்காமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்தார்கள். நம் ஞாயிறு ஆராதனைகளில் அதைப் பாடிக் கேட்பது அபூர்வம். உடம்பில் தைத்த முள்ளை எடுக்கச் சொல்லிப் பவுல் மூன்று முறை மன்றாடினார். முள் எடுக்கப்படவில்லை, கிருபை போதும் என்ற பதில் மட்டும் வந்தது. இப்படியொரு சாட்சியோடு அவரே இன்று வந்தாலும் மேடையில் இடம் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.