பேக்கரி ஓவனும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரும்

நம் வணிகர்களில் பேக்கரி நடத்துவோர், மசாலாத்தூள் பாக்கெட் போடுவோர், குளிர் அறை வைத்துப் பழம், ஐஸ்கிரீம் மொத்த வியாபாரம் செய்வோர் எனப் பலரிடமும் ஒரு சிறு கருவி இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். முகத்தில் இரண்டு வரிசை எண்கள் ஒளிரும். மேலே இருப்பது இப்போதைய சூடு. கீழே இருப்பது நாம் வைத்த சூடு. டெம்பரேச்சர் கன்ட்ரோலர் என்று பெயர். வாங்கும்போது விலையை மட்டும் கேட்கிறோம். மாட்டுவதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுகிறோம். பிறகு அது இருப்பதையே மறந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பேக்கரியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதிகாலை மூன்றரை மணிக்கு ஓவனைப் போட்டுவிட்டு, அது சூடேறும்வரை மாஸ்டரும் இரண்டு வேலையாட்களும் பின்கட்டில் சற்றுப் படுப்பது வழக்கம். 200 டிகிரி வந்ததும் கருவி தானாகவே ஹீட்டரை நிறுத்திவிடும் என்ற நம்பிக்கை. முந்தின நாள் மாலை ஓவனைத் துடைத்தபோது யாருடைய கையோ வயரில் பட்டு, சூட்டை அறியும் தெர்மோகப்பிள் தன் துளையிலிருந்து வெளியே வந்துவிட்டது. அது ஓவனுக்குப் பின்னால் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கருவி 48 என்று காட்டியது. 200 வரவில்லையே என்று ஹீட்டருக்கு மின்சாரத்தை விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தது. மாஸ்டர் விழித்தது கருகல் நாற்றத்தினால். ஓவன் கதவின் கண்ணாடி வெடித்திருந்தது. வயர்களின் மேலுறை உருகி வழிந்தது. பக்கத்தில் அடுக்கியிருந்த கேக் அட்டைப் பெட்டிகள் கருகத் தொடங்கியிருந்தன. அவர் மெயின் சுவிட்சை இறக்கியதால் தப்பினோம். பின்கட்டில் படுத்திருப்பவர் வெளியே வர வேண்டுமானால் அந்த ஓவனைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் நான் யோசித்துப் பார்த்தேன்.

கருவியில் பழுதே இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அதற்குத் தெரிவது ஓவனின் சூடு அல்ல, தெர்மோகப்பிளின் நுனியில் உள்ள சூடு மட்டுமே. நுனி எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. வயர் அறுந்துபோனால் நல்ல கருவிகள் கண்டுபிடித்து, ஹீட்டரை நிறுத்திவிடும். ஆனால் நுனி வெளியே வந்துவிட்டாலோ, வழியில் இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ அது குறைந்த சூட்டையே காட்டும். ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும்.

“எம்.சி.பி. போட்டிருக்கிறோமே, விழாதா?” என்று பலர் கேட்கிறார்கள். விழாது. ஹீட்டர் எப்போதும் இழுக்கும் அதே மின்சாரத்தைத்தான் இழுக்கிறது, நிற்காமல் இழுக்கிறது, அவ்வளவுதான். எம்.சி.பி.க்கு அதில் தவறு எதுவும் தெரியாது. வயர் உருகி ஷார்ட் ஆன பிறகுதான் அது விழும்.

ஆகவே ஓவனுக்கு இரண்டாவது காவல் ஒன்று தனியாக வேண்டும். கன்ட்ரோலரோடு சம்பந்தமில்லாத, தனக்கென்று சொந்தமாகச் சென்சார் உள்ள ஓர் உச்சவரம்பு தெர்மோஸ்டாட். நாம் 220 டிகிரிக்கு மேல் போவதில்லை என்றால் அதை 260 அளவில் வைக்கலாம். அது விழுந்தால் தானாகத் திரும்ப வரக்கூடாது. ஓர் ஆள் வந்து பட்டனை அழுத்தினால்தான் வர வேண்டும். மேலும் அது தனியாக ஒரு கான்டாக்டரை இறக்க வேண்டும். கன்ட்ரோலர் இயக்கும் அதே கான்டாக்டரில் இதையும் சேர்த்துக் கட்டிவிட்டு இரண்டு காவல் இருப்பதாகச் சொல்லும் ஆட்கள் உண்டு. அந்தக் கான்டாக்டரே ஒட்டிக்கொண்டால் இரண்டும் வீண்.

கான்டாக்டர் ஒட்டிக்கொள்வது அரிதான செய்தி அல்ல. சிறு கன்ட்ரோலர்களின் உள்ளே இருக்கும் ரிலே பெரும்பாலும் 5 ஆம்பியர் அல்லது அதற்குக் கீழ். 3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். ஹீட்டரை நேராக ரிலேயில் கொடுத்தால் சில நாட்களிலேயே அதன் முனைகள் பற்றிக்கொள்ளும். நடுவில் கான்டாக்டர் கட்டாயம் வேண்டும். அந்தக் கான்டாக்டரும் தேயும் பொருள்தான். 20 வினாடிக்கு ஒருமுறை போட்டு எடுக்கும்படி கருவியில் வைத்திருந்தால், 12 மணி நேரம் ஓடும் ஓவனில் ஒரு நாளைக்கு 2,160 முறை, மாதத்தில் 65 ஆயிரம் முறை அது அடிக்கிறது. முனைகள் ஒட்டிப்போனால், கருவியின் அவுட்புட் விளக்கு அணைந்திருக்கும். எண் மட்டும் 200-ஐத் தாண்டி 215, 230 என்று ஏறிக்கொண்டே போகும். இதைக் கண்டால் கருவியின் பட்டன்களைத் தட்டிக்கொண்டு நிற்காமல் மெயினை இறக்கிவிட வேண்டும். கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், நேற்றுச் சேர்ந்தவருக்கும்கூட, இதைச் சொல்லி வைப்பது முதலாளியின் பொறுப்பு.

கான்டாக்டருக்குப் பதில் சத்தமில்லாத எஸ்.எஸ்.ஆர். போடலாமே என்பார்கள். நல்லதுதான். ஆனால் அது கெடும்போது பெரும்பாலும் ‘ஆன்’ நிலையிலேயே கெடும். 25 ஆம்பியர் ஓடினால் அதற்குள்ளேயே 25 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். அலுமினிய ஹீட் சிங்க் இல்லாமல் பொருத்தினால் ஆயுள் இல்லை. அது அணைந்திருக்கும்போதும் சிறிது மின்சாரம் கசியும். எனவே கன்ட்ரோலரை அணைத்துவிட்டு ஹீட்டர் முனையைத் தொடலாம் என்று எண்ணக்கூடாது.

சிவப்பு வயரின் கதை

தெர்மோகப்பிளுக்கு பிளஸ், மைனஸ் உண்டு. இங்கேதான் நம் எலக்ட்ரீஷியன்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். சிவப்பு என்றால் பிளஸ் என்பது நமக்குப் பழகிய கணக்கு. அமெரிக்க வண்ண முறைப்படி வரும் ‘கே’ வகைத் தெர்மோகப்பிளில் மஞ்சள்தான் பிளஸ், சிவப்பு மைனஸ். சர்வதேச முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். சந்தையில் இரண்டும் கிடைக்கின்றன. சந்தேகம் வந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ‘கே’ வகையில் காந்தத்தில் ஒட்டும் கம்பி மைனஸ்.

ஒரு முனையில் மாற்றிக் கட்டினால் ஓவன் சூடேற ஏற எண் இறங்கும், உடனே தெரிந்துவிடும். ஓவன் பக்கம் ஒருமுறை, கருவிப் பக்கம் ஒருமுறை என இரண்டு முனையிலும் மாற்றிக் கட்டியிருந்தால்தான் ஆபத்து. எண் ஒழுங்காக ஏறும், ஆனால் குறைத்துக் காட்டும். தெர்மோகப்பிளின் தலைப்பகுதி 70 டிகிரியிலும் கருவி 35 டிகிரியிலும் இருந்தால் ஏறக்குறைய 70 டிகிரி குறையும். கருவி 200 காட்டும்போது உள்ளே 270. பிஸ்கட் கருகுகிறது என்று மாஸ்டரைத் திட்டுவோம்! இடையில் சாதாரணச் செம்பு வயரைப் போட்டு நீட்டினாலும் கணக்குத் தவறும். அந்த வகைக்குரிய காம்பன்சேட்டிங் கேபிளே போட வேண்டும். அதை ஹீட்டர் வயரோடு ஒரே குழாயில் கொண்டுபோகாதீர்கள்.

கொதிக்கும் தண்ணீரில் நுனியை வைத்தால் 100-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். ஊட்டி உறுப்பினர்களுக்கு 92, 93 போதும். இரு முனையும் மாறிய பிழை மட்டும் இதில் பிடிபடாது, அப்போது தலைப்பகுதி குளிர்ந்திருக்கும் என்பதால். அதைக் கண்ணால் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

கன்ட்ரோலரை ஓவன் தலைமேல் வைக்காதீர்கள். பெரும்பாலான கருவிகள் 50 டிகிரிக்கு மேற்பட்ட இடத்துக்கு உரியவை அல்ல. அதன் முதுகில் 230 வோல்ட் முனைகள் திறந்தே இருக்கும். மாவுத்தூள் படியாதபடி, கை படாதபடி மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

ஈ.எல்.சி.பி. பற்றி ஒரு வார்த்தை. பொங்கலுக்கு நாலு நாள் கடையை அடைத்துவிட்டுத் திறந்தால் ஓவனைப் போட்டதும் ஈ.எல்.சி.பி. விழும். ஹீட்டருக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்ஸைடு பொடி ஈரத்தை இழுத்துக்கொள்வதால் ஏற்படும் கசிவு அது. உடனே ஓர் ஆள் வந்து ஈ.எல்.சி.பி.யைத் தாண்டி வயர் கொடுத்துவிட்டுப் போவார். அந்த வயர் அப்படியே வருடக்கணக்கில் இருக்கும். ஓவன் முழுவதும் இரும்பு, தொடுபவர் கை ஈரம். ஹீட்டரைக் கழற்றி உலர்த்தி, மெக்கர் வைத்துப் பார்த்து மாட்டுவதே முறை. அரை நாள் வியாபாரம் போகும், போகட்டும்.

குளிர் அறை வைத்திருப்போருக்கு வேறு கவலை. கரண்ட் போய்ப் போய் வரும்போது கம்ப்ரெசர் உடனுக்குடன் ஓடத் தொடங்கினால் மோட்டார் எரியும். கருவியில் 3 நிமிடத் தாமதம் வைக்கும் வசதி இருக்கும். அது வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

என் கடையில் இப்போது மாதத்தின் முதல் தேதி ஒரு வேலை உண்டு. ஓவன் 150 டிகிரியில் இருக்கும்போது உச்சவரம்பு தெர்மோஸ்டாட்டை 120-க்கு இறக்குவோம். டக்கென்று இரண்டாவது கான்டாக்டர் விழ வேண்டும். பட்டனை அழுத்தாமல் திரும்ப வரக்கூடாது. பார்த்துவிட்டு 260-க்கு ஏற்றி, சுவரில் உள்ள அட்டையில் மாஸ்டர் கையெழுத்திடுவார். சென்ற ஆடி மாதம் அப்படி இறக்கியபோது சத்தமே வரவில்லை. கான்டாக்டருக்குள் மாவு போய் அடைத்திருந்தது. அன்று மாலை புதியது போட்ட பிறகுதான் ஓவனை மறுபடி ஏற்றினோம்.