மற்றோர் அறைக்கு வலைத்தொடர்பு

மும்பைக்குக் கிழக்கே, தாணே கடற்கழியின் மறுகரையில் அமைந்துள்ளது வாஷி. 1970ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சிட்கோ நிறுவனம் நவி மும்பையில் முதன்முதலாக உருவாக்கிய பகுதிகளுள் இதுவும் ஒன்று. இங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் ஒளியிழைக் கம்பி பெரும்பாலும் வாசலை அடுத்த கூடத்திலேயே வந்து முடிகிறது. படிக்கும் அறையோ சுவர்களுக்கு அப்பால் உள்ளது. 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் வலைத்தொடர்பின் வழியே நடைபெற்றபோது, கூடத்தில் தெளிவாகக் கேட்ட ஆசிரியரின் குரல் உள்ளறையில் அறுபட்டுப் போயிற்று. அதிக வேகத்துக்குக் கூடுதல் கட்டணம் செலுத்தினாலும் இக்குறை தீருவதில்லை. ஏனெனில் குறை வீட்டுக்கு வெளியே இல்லை. ரூட்டர் எனப்படும் வழிப்படுத்தும் கருவிக்கும் உள்ளறைக்கும் இடைப்பட்ட சில மீட்டர் தூரத்திலேயே இருக்கிறது.

சுவர் செய்யும் தடை

வைஃபை அலைகள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் வரிசைகளில் இயங்குகின்றன. அவற்றின் அலைநீளம் முறையே ஏறக்குறைய 12, 6 சென்டிமீட்டர் ஆகும். சுவர் இவ்வலைகளின் ஆற்றலில் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுகிறது. கான்கிரீட்டினுள் உள்ள இரும்புக் கம்பிகளும் அறையிலுள்ள இரும்பு பீரோவும் அவற்றைத் திருப்பியும் சிதறடித்தும் விடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை இதனால் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. அலையை வாங்கி மீண்டும் அனுப்பும் கருவியை இடையில் வைப்பதுண்டு. ஆனால் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே வரிசையையே அது பயன்படுத்துமாயின், வேகத்தில் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடும்.

கம்பியின் சிறப்பு

மும்பையையும் வாஷியையும் இணைத்த முதற் கடற்கழிப் பாலம் திறக்கப்பட்ட அதே 1973ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பார் ஈதர்நெட் முறையை வகுத்தார். இன்று அம்முறையில் வழங்கும் கம்பியினுள் எட்டுச் செப்பு இழைகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு, நான்கு இணைகளாக உள்ளன. வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல், முறுக்கிய இரு இழைகளையும் ஏறக்குறையச் சமமாகத் தாக்குகிறது. ஏற்கும் கருவி இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே கணக்கிடுவதால் அவ்விரைச்சல் நீங்கிவிடுகிறது. இத்தகைய கம்பி 100 மீட்டர் தூரம்வரை செய்தியைக் கொண்டுசெல்லும். எந்த வீட்டுக்கும் இது போதுமானது.

உள்ளறையில் பல கருவிகள் இருப்பின், கம்பியின் முனையில் ஸ்விட்ச் என்னும் பெட்டியை அமைத்தல் வேண்டும். இது மின்விளக்கின் விசையன்று. எக்கருவி எத்துளையில் உள்ளது என்பதை அறிந்து, செய்தியை உரிய துளைக்கு மட்டும் அனுப்பும் சாதனமாகும். கைபேசி போன்ற கம்பியில்லாக் கருவிகளுக்காகப் பழைய ரூட்டர் ஒன்றையும் அங்கே பயன்படுத்தலாம். ஆனால் ஒரே வலையில் இரு ரூட்டர்கள் முகவரி வழங்கினால் குழப்பம் நேரும். ஆகையால் இரண்டாவதன் உட்புற முகவரியை முதலாவதன் முகவரியினின்று வேறாக்கி, அதன் முகவரி வழங்கும் பணியை நிறுத்திய பின்னரே, கூடத்திலிருந்து வரும் கம்பியை அதன் உள்வலைத் துளையில் செருகுதல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

வலைக்கம்பியை மின்சாரக் கம்பி செல்லும் குழாயினுள் ஒருபோதும் செலுத்தலாகாது. இரண்டும் அருகருகே நெடுந்தூரம் செல்லாதிருத்தல் நன்று. குறுக்கிட நேர்ந்தால் செங்கோணமாகக் குறுக்கிடலாம். செப்புப் பூச்சிட்ட அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைப்பினும், முழுச் செப்புக் கம்பியே ஏற்றது. இரு தனிக் கட்டடங்களுக்கிடையே செப்புக் கம்பியை வெளியில் இழுப்பது ஆபத்தானது. மழைக்கால இடிமின்னலால் எழும் மின்னழுத்தம் அதன் வழியே வந்து கருவிகளை அழித்துவிடக்கூடும். அவ்விடத்தில் உலோகம் கலவாத ஒளியிழையே தக்கது. பள்ளிக் கட்டடங்களை இணைப்போர் இதனை மறத்தலாகாது.

சுவரைத் துளைக்க இயலாத வாடகை வீடுகளில், மின்சாரக் கம்பியின் வழியாகவே செய்தியை அனுப்பும் இணைக்கருவிகள் ஓரளவு உதவும். அவற்றைச் சுவரிலுள்ள மின்துளையில் நேரே செருகுதல் அவசியம்.

குறையை அறியும் முறை

குறை கூறப்படும் இல்லத்தில் களப்பணியாளர் முதலில் செய்யத்தக்க சோதனை எளியது. கணிப்பொறியைக் கூடத்து ரூட்டருடன் சிறு கம்பியால் நேரே இணைத்து வேகத்தை அளத்தல் வேண்டும். அங்கே வேகம் சரியாக இருப்பின், வெளியிலிருந்து வரும் தொடர்பில் குறையில்லை. பின்னர் உள்ளறைக் கம்பியின் முனையில் இணைத்துப் பார்க்கலாம். 1,000 மெகாபிட் காட்ட வேண்டிய இடத்தில் 100 மட்டுமே காட்டினால், நான்கு இணைகளுள் ஒன்று அறுந்தோ முனையில் சரியாகப் பொருந்தாமலோ இருத்தல் கூடும். நூறு மெகாபிட்டுக்கு இரண்டு இணைகளே போதும். ஆயிரத்துக்கு நான்கும் தேவை. முனையைப் புதிதாகப் பொருத்துவதாலேயே பல வேளைகளில் இக்குறை நீங்கிவிடும். இச்சோதனையைச் செய்து பாராமல் மாதக் கட்டணத்தை உயர்த்துவது வீண் செலவேயாகும்.