காபி குற்றவாளி அல்ல
வயிற்றுப்புண் என்றதும் காபியைத் துறந்தவர்கள் ஏராளம். உண்மையான எதிரி வேறு

மும்பை மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் காலையில் நடந்தால், காபி மணம் வழிமறிக்கும். 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸில் விடுமுறை நாட்களில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த மணத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. ‘அல்சர்’ என்று என்றோ ஒரு டாக்டர் சொல்ல, அன்றோடு காபியை நிறுத்தியவர்கள் இவர்கள். செம்பூரில் ஃபில்டர் பரணுக்குப் போயிருக்கும். தாராவியில் கட்டிங் டீக்குப் பதில் பால் வந்திருக்கும். எரிச்சல் மட்டும் போயிருக்காது.

பால் வைத்தியம் பழையது. 1915இல் சிகாகோ டாக்டர் பெர்ட்ராம் சிப்பி, மணிக்கொரு தரம் பாலும் கிரீமும் கொடுக்கும் பத்தியத்தை வகுத்தார். பல தலைமுறை நோயாளிகள் அதைப் பின்பற்றினார்கள். பால் அந்த நேரத்து எரிச்சலைத் தணிக்கும். பிறகு அதுவே அமிலத்தைச் சுரக்க வைக்கும் என்பது பின்னர்தான் புரிந்தது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் வேறொரு எதிரியைக் கண்டுபிடித்தார்கள்: இரைப்பையில் குடியிருக்கும் ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்ற கிருமி. மருத்துவ உலகம் நம்ப மறுத்தது. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி. பத்தாம் நாள் எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே தொற்றிக்கொள்கிறது. ஒரே அறையில் பலர் வாழும் வீடுகளிலும், தண்ணீரும் கழிப்பறையும் போதாத இடங்களிலும் எளிதில் பரவும். தாராவி போன்ற பகுதிகளுக்கு இது முக்கியமான செய்தி. கிருமி இருப்பவர்களில் பலருக்குத் தொல்லையே வராது. சிலருக்குப் புண் வரும், வெகு சிலருக்குப் புற்றுநோயும் வரலாம். புண்ணுக்கு மற்றொரு பெரிய காரணம், மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் விழுங்கும் ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள்.

கிருமியால் வந்த புண் குணமாகக்கூடியது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு ஆன்டிபயாடிக்குகளையும் சேர்த்து, வழக்கமாக இரண்டு வாரம் தருகிறார்கள். வலி நின்றதும் மருந்தைப் பாதியில் விடுவதுதான் பெரிய தவறு. பிழைத்த கிருமி மருந்துக்கு மசியாததாகிவிடக்கூடும். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். அமில மருந்தை இரண்டு வாரம் முன்பே நிறுத்தினால்தான் முடிவு சரியாக இருக்கும்.

அதற்குப் பிறகு? காபி அமிலத்தைத் தூண்டும் என்பது உண்மை. எனவே புண் ஆறும்வரை அடக்கம் தேவை. ஆறிய பிறகு பெரும்பாலோருக்கு ஆயுள் தண்டனை தேவையில்லை. காலை உணவுக்குப் பின் அரை டம்ளரில் தொடங்கி, வயிறு ஒப்புக்கொள்கிறதா என்று பார்த்துக் கூட்டலாம். நெஞ்செரிச்சல் வேறு நோய்; அது இருந்தால் அவரவருக்கு ஒத்துக்கொள்ளும் அளவே சரியான அளவு.

ஆனால் மலம் தார்போல் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ மருந்துக் கடையில் ஜெலுசில் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காபியை நிறுத்திவிட்டோம் என்ற நிம்மதியில் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான், காபியைவிட ஆபத்தான பழக்கம்.