வேதக்காரர் வீடு

கோல சிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா போகிற சாலையின் இருபுறமும் இன்று செம்பனைதான். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் தோட்டத்தை பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே 1917-இல் தொடங்கியதும் இந்த வட்டாரத்தில்தான். ஆனால் நம் பெரியவர்களில் பெரும்பாலோரின் ஆயுள் பால்மரத்தடியில்தான் கழிந்தது. அவர்களுக்கு நடுவே ஒவ்வொரு லயத்திலும் ஒன்றிரண்டாகக் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. கத்தோலிக்கர், மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன் என்று சபைகள் வேறுவேறாக இருந்தாலும் அக்கம்பக்கத்தாருக்கு அது 'வேதக்காரர் வீடு'.

பலகைச் சுவர் லயத்தில் ஒருவருடைய சமயத்தை மறைத்து வைக்க முடியாது. பொழுது சாய்ந்து ஜெபமாலை சொன்னால் நான்கு வீடு தள்ளிக் கேட்கும். சம்பளத்தன்று கள்ளுக்கடையிலிருந்து தள்ளாடி வந்தால் அதையும் எல்லாரும் பார்ப்பார்கள். மற்றவன் குடித்தால் ஒன்றும் சொல்லாத வாய், "வேதக்காரனே இப்படியா?" என்று கேட்கும். ஊரார் வைத்த அந்தக் கணக்கு கடுமையானது. அதுவே பலரை நேராக நடக்க வைத்தது. கடிதம் படித்துச் சொல்ல, ஊருக்குப் பதில் எழுத, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு இரவில் துணையிருக்க முதலில் தட்டப்பட்ட கதவுகளில் வேதக்காரர் வீட்டுக் கதவும் ஒன்று.

சாமியார் எப்போதாவதுதான் வருவார். இடைப்பட்ட நாள்களில் சைக்கிளில் வரும் உபதேசியார்தான் எல்லாம். மழைக்காலத்தில் செம்மண் சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, பாட்டுப் புத்தகத்தை ரப்பர் துணியில் சுற்றிக்கொண்டு அவர் தள்ளிக்கொண்டே நடந்து வருவார். சாவு விழுந்தால் அவருக்காகவும் காத்திருக்க முடியாது. பெரியவர் ஒருவர் ஜெபித்து அடக்கம் செய்வார். குழி வெட்டுகிறவர்களில் பாதிப் பேர் இந்துக்கள். இந்து வீட்டுப் பாடையில் வேதக்காரரின் தோளும் இருக்கும். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போகும் என்று தெரிந்தேதான் நின்றார்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் எழுத மாட்டேன். படித்த கிறிஸ்தவர்களில் பலர் கிராணியாகவும் டிரேசராகவும் ஆசிரியராகவும் இருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் துரையின் பக்கமே நின்றார்கள். கூலி உயர்வு கேட்டவனைக் கலகக்காரன் என்றார்கள். கப்பலில் சாதியும் கூடவே வந்திறங்கியது. ஒரே பீடத்தின் முன் மண்டியிட்டவர்கள், பெண் கொடுக்கும்போது ஊரையும் தெருவையும் விசாரித்தார்கள். ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் இதைக் கைவிடாதது நம் முன்னோர் செய்த பிழை. அது இன்னும் முழுதாகத் தீரவில்லை.

வேறு விதமாக நின்றவர்களும் உண்டு. 1976-இல் தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்கக் குருக்கள் கூடி, திருச்சபை அக்கம்பக்கத்துச் சிறு குழுக்களாக வாழ வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ஏழைகளிடையே வேலை செய்யத் திருச்சபையிலிருந்து பலர் இறங்கினார்கள். 1987 அக்டோபரில் அரசு பலரை விசாரணையின்றி அடைத்த ஒப்பராசி லாலாங் கைதுகள் நடந்தபோது, லசால் சபைச் சகோதரர் அந்தோணி ரோஜர்ஸ் உள்பட திருச்சபையின் சமூகப் பணியாளர்களும் சிறைக்குள் போனார்கள். விசுவாசத்துக்கு விலை உண்டு என்று அன்றைய இளைஞர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

பிறகு தோட்டங்கள் கைமாறின. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடியது இந்த வட்டாரம் அறிந்த கதை. பத்தாங் பெர்சுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பிள்ளைகள் ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் போய்விட்டார்கள். பெஸ்தாரி ஜெயாவின் ஆலயம் வனத்துச் சின்னப்பர் பெயரில் இருக்கிறது. அவருடைய நாள் ஜனவரி 15, பொங்கலை ஒட்டி வரும். போனவர்கள் ஊர் திரும்ப அது ஒரு காரணம்.

இன்று கிறிஸ்தவர் என்று காட்டிக்கொள்வது எளிது. காரில் ஒட்டலாம், கைப்பேசியில் காலை வசனம் அனுப்பலாம். ஆனால் நாம் என்ன சமயம் என்று கேட்கிறவர் யாரும் இல்லை. அடையாள அட்டையான மைகார்டில்கூட முஸ்லிம்களுக்கு மட்டுமே சமயம் அச்சிடப்படுகிறது. 2010 கணக்கெடுப்பில் மலேசிய இந்தியரில் நூற்றுக்கு ஆறு பேர்தான் கிறிஸ்தவர்கள். அடுக்குமாடியில் எல்லா வீட்டுக்கும் இரும்புக் கதவு. எதிர்வீட்டுக்காரருக்கு நம் பெயரே தெரியாது. "வேதக்காரனே இப்படியா?" என்று கேட்க ஆளில்லாததால், நாமாகத்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என்னை வருத்தும் மாற்றம் ஒன்று உண்டு. முன்பு தீபாவளிக்கு முறுக்குத் தட்டு இந்தப் பக்கம் வரும், கிறிஸ்துமஸுக்குப் பலகாரத் தட்டு அந்தப் பக்கம் போகும். இன்று சில ஜெபக் கூட்டங்களில், புதிதாக விசுவாசத்துக்கு வந்த பிள்ளையிடம், பெற்ற தாய் கொடுக்கும் தீபாவளிப் பலகாரத்தையும் தொடாதே என்கிறார்கள். படையல் உணவைப் பற்றிய கேள்வி பவுலுக்கும் வந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் அவர் பெரிதாகக் கவலைப்பட்டது உடனிருப்பவரின் மனசாட்சியைப் பற்றித்தான். அம்மாவின் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு அவரிடம் அன்பின் தேவனைப் பற்றிப் பேச எப்படி வாய் வரும்?

பாடை தூக்கிய தோளுக்கு இன்று வேறு வேலை காத்திருக்கிறது. 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். தாலி மட்டும் போதாது. பதியாத தம்பதிக்குப் பிறக்கும் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான். தாய்க்குக் குடியுரிமை இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை. பள்ளியில் சேர்ப்பதிலிருந்தே அலைச்சல் தொடங்கிவிடும். தோட்டத்திலிருந்து வந்த ஏழைக் குடும்பங்களில் இந்தச் சிக்கல் இன்னும் இருக்கிறது. திருமணங்களைப் பதிவு செய்யும் அதிகாரம் பெற்ற குருக்களும் போதகர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால், யாருடைய பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். பிறகு அந்தத் தாயோடு பதிவுத் துறைக்கு ஒரு தடவைக்குப் பல தடவை போக வேண்டியிருக்கும். அவர் இந்துவாக இருந்தாலும் போக வேண்டும்.

செம்பனைத் தோட்டங்களில் இன்று குலை அறுப்பவர்களில் பலர் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும். பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வாய் திறக்கப் பயப்படுகிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். நம் தாத்தாவின் பயமும் இதேதான். அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க லயத்தில் ஒரு வீடாவது இருந்தது.